மஞ்சள் பனியனும் என் இரண்டு கிட்னியும்

மூத்திரத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். முகம் சுளிக்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், எனக்கு வருத்தமில்லை. நானும் ஒரு காலத்தில் சுளித்தவன்தான். போன பங்குனி வெயிலில் அது எனக்கு அடியோடு நின்றுபோனது. நின்ற பிறகுதான் தெரிந்தது, காலையில் எழுந்ததும் கக்கூசுக்கு ஓடுகிற ஒவ்வொரு மனுசனும் எவ்வளவு பெரிய பணக்காரன் என்று. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் "என்ன பாய் ஆச்சு, என்ன பாய் ஆச்சு" என்று கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. ஒரே தடவையாக எழுதி வைத்துவிட்டால் படித்துக்கொள்ளட்டும்.

என் பெயர் ஷாஜகான். திண்டுக்கல் நாகல் நகரில் ஏசி, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை. ஐம்பதை நெருங்குகிறேன். ஓர் இடத்தில் நிலையாக உட்காரத் தெரியாத ஆள். சாப்பிடும்போதுகூட முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். "ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்பாள் என் மனைவி ஜமீலா. அந்தக் காலுக்கு ஓட்டத்தைப் பழக்கிவிட்டவர்கள் பிலிப்பைன்ஸ்காரர்கள்.

கத்தாரில் நான் வேலை பார்த்த கம்பெனியில் ஏசி டெக்னீஷியன்களில் பாதிப் பேர் அவர்கள்தான். வெள்ளிக்கிழமை லீவு. தமிழ் ஆட்கள் நாங்கள் ஜும்மா நேரம் வரைக்கும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடப்போம். அவர்கள் இருட்டோடு எழுந்து ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஐந்து கிலோமீட்டர், பத்து கிலோமீட்டர் கதையெல்லாம் இல்லை. ஐம்பது, அறுபது, சில பேர் நூறு. மாரத்தான் என்பது நாற்பத்திரண்டு கிலோமீட்டர். அதற்கு மேல் எவ்வளவு ஓடினாலும் அதற்கு அல்ட்ரா மாரத்தான் என்று பெயர். அவர்கள் ஊரில் வெல்டர் ஓடுகிறார், நர்ஸம்மா ஓடுகிறார், டிரைவர் ஓடுகிறார். யாரும் முதலில் வருவதற்காக ஓடுவதில்லை. முடிக்க வேண்டும், அவ்வளவுதான். முடித்தவருக்கு ஒரு பனியன் உண்டு. முடிக்காதவன் அந்தப் பனியனை உடம்பில் போடவே கூடாது. போட்டால் அவனை ஒருத்தரும் மதிக்கமாட்டார்கள்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவன் ரோனெல், என் ரூமில் கீழ்க்கட்டில்காரன். என் தோள் உயரம்தான் இருப்பான். சிரிக்காமல் ஒரு வாக்கியம் பேசத் தெரியாது. என்னை 'குயா' என்று கூப்பிடுவான். அவர்கள் பாஷையில் அண்ணன்.

அவர்கள் ஓட்டத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வண்டி கூட வரும். வண்டியில் மனைவியோ, மச்சினனோ, கூட வேலை பார்க்கிறவனோ இருப்பார்கள். ஐஸ் தண்ணீர், அவித்த வாழைப்பழம், உப்பு முட்டை, இஞ்சி தட்டிப் போட்ட அரிசிக் கஞ்சி எல்லாம் அதில் இருக்கும். அந்தக் கஞ்சி நம் நோன்புக் கஞ்சிக்குத் தம்பி மாதிரி. வண்டி கொஞ்சதூரம் முன்னால் போய் நிற்கும். ஓடுகிறவன் வந்ததும் வேண்டியதைக் கொடுத்துவிட்டு மறுபடி முன்னால் போகும். இந்த வண்டிக்காரர்களுக்கு 'க்ரூ' என்று பெயர். ஓடுகிறவனுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. வண்டியில் ஏறக்கூடாது. கால் கடுக்கிறதே என்று செத்த நேரம் சீட்டில் உட்கார்ந்தாலும் அன்றைய ஓட்டம் போச்சு.

நான் முதலில் ரோனெலுக்கு க்ரூவாகத்தான் போனேன். ஒருமுறை பாலைவன ரோட்டில், பத்து கிலோமீட்டரோ என்னவோ பாக்கி இருக்கும்போது, அவன் பேச்சு குழற ஆரம்பித்தது.  "போதும்டா, ஏறு" என்றேன். மறுபேச்சு பேசாமல் வேனில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். நல்ல பையன், பெரியவங்க பேச்சைக் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பிய பிறகும் அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் நான் இருந்தேன். அதில் ஒரே தமிழன் நான்தான். வருடத்துக்கு ஒருநாள், எல்லாரும் அவரவர் இருக்கிற இடத்திலேயே ஓடுவார்கள். கப்பலில் இருக்கிறவன் டெக்கைச் சுற்றிச் சுற்றி ஓடுவான். ஹாங்காங்கில் வீட்டுவேலை செய்கிற பெண் அங்கே உள்ள மலையில் ஓடும். இந்த வருடம் அறுபது கிலோமீட்டர் என்று முடிவானது. பனியனை முன்கூட்டியே தபாலில் அனுப்பிவிட்டார்கள். பளீரென்ற மஞ்சள், வெயிலுக்காக முழுக்கை. பீரோவில் வைத்துத் தினமும் ஒரு தடவை திறந்து பார்த்தேன்.

ஓட்டத்துக்கு முந்தின இரண்டு நாள் எனக்குக் காய்ச்சல்.

"ஒரு வாரம் தள்ளி ஓடுனா என்ன குடியா முழுகிப் போகும்?" என்றாள் ஜமீலா.

"உலகம் பூரா இன்னைக்கு ஓடுது. நான் மட்டும் போர்வைக்குள்ள கெடக்கவா?"

"சொல்புத்தியும் கெடையாது, சுயபுத்தியும் கெடையாது" என்று சொல்லிக்கொண்டே தண்ணீர் கேன்களை நிரப்பினாள். அவளும் அவள் தம்பி காதரும்தான் என் க்ரூ. காதரிடம் தோல் மண்டிக்குச் சரக்கு ஏற்றுகிற குட்டியானை இருக்கிறது. எவ்வளவு கழுவினாலும் அந்தச் சின்ன வண்டியில் தோல் நாற்றம் போகாது. முகத்தை முக்காட்டால் மூடிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

விடியலில் சுபுஹு தொழுதுவிட்டுக் கிளம்பினேன். அகரம் வரை போய்த் திரும்பியது சுகமாகத்தான் இருந்தது. வழியில் வயலுக்குப் போகிற பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு அம்மா, "யாருப்பா அது, வண்டிக்காரனுக்குப் பயந்து ஓடுறது?" என்று காதரைக் காட்டிக் கேட்டது. பிறகு சிறுமலை ரோடு. ஏற ஏற முழங்கால் பிடித்துக்கொண்டது. பையில் வைத்திருந்த வலி மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டேன். பாதி மலையில் திரும்பி இறங்கினேன். ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: ஏறும்போது மூச்சுதான் வாங்கும், இறங்கும்போதுதான் தொடைச் சதை கிழியும். ஒவ்வொரு அடியும் பிரேக் போடுகிற வேலை. வளைவுக்கு வளைவு தொடை கல்லாகிக்கொண்டே வந்தது.

ஒரு வளைவில் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். வந்தது கொஞ்சம். டீக்கடை டிகாஷன் நிறத்தில் வந்தது. வெயிலுக்குச் சூடு பிடித்துவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அடிவாரத்தில் ஜமீலா என் முகத்தைப் பார்த்தாள். "மூஞ்சி செத்துப் போயிருக்கு. போதும், ஏறுங்க" என்றாள்.

"ஒக்காந்தா போச்சு ஜமீலா. அறுவதும் போச்சு."

பைபாஸ் பக்கம் வந்தபோது மறுபடி சொன்னாள். காதில் வாங்காமல் கடந்து போனேன். ஊருக்குள் மேம்பாலத்துக்கிட்டே வண்டியை என் முன்னால் குறுக்கே நிறுத்தச் சொல்லி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "அல்லாவுக்காக ஏறுங்க" என்றாள். வண்டியைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். ஓட்டம் என்ன ஓட்டம், காலை இழுத்துக்கொண்டு போனேன். கடை வாசலில் அறுபது முடிந்தது. மஞ்சள் பனியனைப் போட்டுக்கொண்டு, க்ரூவோடு நின்று போட்டோ எடுத்துக் குழுவில் போட்டேன். போட்டோவில் காதர் சிரிக்கிறான், நான் சிரிக்கிறேன். ஜமீலா வேறு எங்கேயோ பார்க்கிறாள்.

மறுநாள் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. தொடை இரண்டும் வீங்கிப்போய், போர்வை பட்டாலே உயிர் போனது. குடித்த தண்ணீர் அத்தனையும் வாந்தியாக வந்தது. சாயங்காலம் வரை மூத்திரம் ஒரு சொட்டு இல்லை. எங்கள் தெரு டாக்டர் தொடையைத் தொட்டுப் பார்த்தார், நேற்றைய நிறம் என்ன என்று கேட்டார். டிகாஷன் என்றதும் எழுந்து நின்றுவிட்டார். "இங்க ஒக்காந்து பேசிக்கிட்டு இருக்காதீங்க, கெளம்புங்க" என்று பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அதே குட்டியானையின் பின்பக்கம் பாயை விரித்து என்னைத் தூக்கிப் போட்டார்கள்.

அங்கே காத்திருப்பு ஒரு தனி நரகம். ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் ஒயர் ஒட்டி ஈசிஜி பார்த்தார்கள், மூத்திரத்துக்கு ட்யூப் போட்டுப் பை மாட்டினார்கள். பைக்குள் ஒன்றும் விழவில்லை. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்த அட்டெண்டர், "எத்தனை கிலோமீட்டர் ஓடுனீங்க?" என்று கேட்டார். சொன்னேன்.

"யாரு துரத்துனா?"

"யாரும் தொரத்தல."

"அப்பறம் எதுக்கு பாய் ஓடுனீங்க?"

எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள், எப்போதும் வாய் கிழியப் பதில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குக் காலிப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிட்னி டாக்டரம்மா சின்ன வயசுதான். அவசரமே படாமல் பேசினார். என் நோயின் பெயர் ராப்டோமயோலைசிஸ். பெயர்தான் வாயில் நுழையாது, விஷயம் எளிது. அளவுக்கு மீறி வேலை வாங்கினால் சதை உடைகிறது. உடைந்த சதையிலிருந்து ஒரு சாயம் ரத்தத்தில் கலந்து கிட்னிக்குப் போகிறது. கிட்னி என்பது வடிகட்டி. அந்தச் சாயம் வடிகட்டியை அடைத்துவிடுகிறது. காய்ச்சல், வெயில், தண்ணீர் போதாமை, எல்லாவற்றுக்கும் மேலே நான் போட்ட வலி மாத்திரை, எல்லாம் சேர்ந்து கிட்னியைக் கவிழ்த்துவிட்டன. சதை எவ்வளவு உடைந்தது என்பதைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனைக்கு சி.கே. என்று பெயர். நூற்றுக்கணக்கில் இருக்க வேண்டிய அது எனக்குப் பல ஆயிரத்தில் இருந்தது. கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு ரத்தத்தில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதைக் காட்டுவது கிரியாட்டினின். அது தினமும் ஏறிக்கொண்டே போனது.

"ஏசியில ஃபில்டர் அடைச்சா தண்ணி உள்பக்கம் ஒழுகும். அந்த மாதிரியா மேடம்?" என்று கேட்டேன்.

"அதே மாதிரிதான்."

"அப்ப கழட்டிக் கழுவிப் போட முடியாதா?"

சிரித்தார். "டயாலிசிஸ் மெஷின் ஃபில்டரைக் கழுவாது. உங்க கிட்னி முழிக்கிற வரைக்கும் அது செய்ய வேண்டிய வேலையை இது செய்யும், அவ்வளவுதான்."

"முழிக்கும்ல?"

"பெரும்பாலும் முழிச்சிரும். சில பேருக்கு வாரக்கணக்குல ஆகும். சில பேருக்கு..." என்று நிறுத்தினார். ஜமீலா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சில பேருக்கு முழிக்காது. அப்ப டயாலிசிஸ்லயே காலத்தை ஓட்டணும். இப்ப அதை நெனைக்காதீங்க."

நினைக்காதே என்று சொன்னால் யாருக்கு நினைக்காமல் இருக்க வரும்? வாரத்துக்கு மூன்று நாள் மெஷினோடு கட்டிப் போட்ட ஷாஜகானைக் கண்ணை மூடினால் பார்த்தேன். ஏணியில் ஏறி ஏசி மாட்ட முடியாத ஷாஜகான், கடை ஷட்டரைத் தூக்க முடியாத ஷாஜகான். எனக்குப் பயம். சாவைவிட அந்த உட்காரல்தான் பயம்.

கழுத்தில் மரத்துப்போக ஊசி போட்டுக் குழாய் இறக்கினார்கள். டயாலிசிஸ் வலிக்காது. ஒரு குழாய் வழியாக ரத்தம் வெளியே போய், மெஷினில் அலசப்பட்டு, இன்னொரு குழாய் வழியாக உள்ளே வரும். ஆனால் பொல்லாத குளிர். மெஷினின் பம்ப் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன். பேரிங் தேய்ந்திருக்கிறதோ என்று ஒரு சந்தேகம் வரும். திறந்து பார்க்கக் கை துறுதுறுக்கும். நான்கு மணி நேரம் அசையாமல் கிட என்றால் நான் எங்கே கிடப்பேன்? காலை ஆட்டினால் அலாரம் அடிக்கும். சிஸ்டர் ஓடிவருவார். "பாய், செத்த நேரம் சும்மா இருக்க மாட்டீங்களா?" மற்ற நாட்களில் பையைக் கையில் தூக்கிக்கொண்டு, கட்டில் கட்டிலாகப் பிடித்துக்கொண்டு, வராந்தாவில் நடந்தேன். ஜன்னல் வரை போவது, வருவது. யாராவது திருப்பி அனுப்பும் வரை நடப்பேன்.

தாகம்தான் கொடுமை. மூத்திரம் போகாதவன் குடிக்கிற தண்ணீர் நுரையீரலில் தேங்கும் என்பதால் ஒரு நாளைக்கு ஒரு சின்ன டம்ளர் கணக்குதான். வெளியே பங்குனி வெயில் கொளுத்துகிறது. ஜமீலா ஐஸ் துண்டைத் துணியில் சுற்றி உதட்டில் வைத்து வைத்து எடுப்பாள். அந்த ஈரத்துக்காகக் காலையிலிருந்து காத்திருப்பேன். காதர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து சவரம் செய்துவிடுவான். "மாப்பிள்ளையாட்டம் இருக்கீங்க மச்சான்" என்று கண்ணாடியைக் காட்டுவான். கண்ணாடியில் ஊதிப்போன ஒரு கிழவன் இருப்பான்.

பில்லைப் பற்றி எழுதினால் கிரியாட்டினின் திரும்ப ஏறிவிடும், அதனால் எழுதவில்லை. ஜமீலாவின் கழுத்தில் ஒருநாள் கருகமணி மட்டும் கிடந்ததைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன் என்பது மட்டும் போதும்.

பார்க்க வந்தவர்களுக்குக் குறைவில்லை. எல்லார் கையிலும் இளநீர், எல்லார் கையிலும் சிறுமலைப் பழம். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வருகிற வழக்கம் நம் பக்கம் உண்டா? ஆனால் இரண்டிலும் பொட்டாசியம் என்கிற உப்பு நிறைய. கிட்னி வேலை செய்தால் அது நல்லது. செய்யாதவனுக்கு அது ரத்தத்தில் ஏறி நெஞ்சுத் துடிப்பையே நிறுத்திவிடும். பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றவள் ஜமீலா. வார்டு வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடம் எல்லாம் பொட்டாசியம் பாடம் நடத்தினாள். பழத்தை வாங்கி அடுத்த கட்டில்காரர்களைப் பார்க்க வந்தவர்களுக்குக் கொடுத்துவிடுவாள்.

அவள் தாய்மாமன் ஒருவர், எண்பது வயசு, படியேறி மூச்சு வாங்க வந்தார். "இளநி குளிர்ச்சிம்மா. ஒடம்புல சூடு ஏறித்தானே இப்படி ஆச்சு? ஒரு மடக்கு குடு" என்றார்.

"குடுத்தா மவுத்துதான் மாமு" என்றாள்.

அவர் இளநீரைக் கீழே வைத்தார். வைத்துவிட்டுச் சொன்னார்: "நீ பின்னாடியே வண்டியில போயிருக்கயேம்மா. நீயாச்சும் தடுத்து நிறுத்தியிருக்கக் கூடாதா?"

இந்தக் கேள்வியை வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். என் தங்கச்சி கேட்டாள். பக்கத்துக் கடைக்காரர் மனைவி கேட்டார். கூடவே போனவ, கஞ்சி ஊத்திக் குடுத்து ஓட விட்டவ, நீ தடுத்திருக்கக் கூடாதா? ஜமீலா தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்ப்பாள். நான் கட்டிலில் படுத்திருப்பேன். எனக்கு வாய் இருந்தது. ஆனால் என் காதில் விழுந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: வந்துச்சா? டாக்டரம்மா கேட்பார், சிஸ்டர் கேட்பார், காதர் போனில் கேட்பான், வாட்ச்மேன்கூடக் கேட்பார். "வந்துச்சா பாய்?" எல்லாரும் பையைத்தான் பார்ப்பார்கள். பை காலியாக இருக்கும்.

ஒருநாள் ஏசி குளிர் தாங்கவில்லை என்றேன். ஜமீலா வீட்டிலிருந்து கைக்குக் கிடைத்ததை எடுத்து வந்து போர்த்திவிட்டாள். பார்த்தால் மஞ்சள் பனியன். எனக்கு அத்தனை வேதனையிலும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. என்ன ஆனால் என்ன, முடித்தவன் நான். அந்தப் பக்கம் போகிற சிஸ்டரிடம், "இது அறுவது ஓடி முடிச்சவனுக்கு மட்டும் குடுக்குறது" என்றேன். "ரொம்ப முக்கியம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் ரோனெல் வீடியோவில் வந்தான். சாப்பாட்டு நேரம், தலையில் ஹெல்மெட்டோடு இருந்தான். காதர் போட்ட மெசேஜைப் பார்த்திருக்கிறான். நாங்கள் இரண்டு பேரும் பேசுவது கேம்ப் இங்கிலீஷ், அதைத் தமிழில் தருகிறேன். முதல் தடவையாக அவன் சிரிக்காமல் பேசினான். என் கழுத்துக் குழாயைப் பார்த்தான், மார்பில் கிடந்த பனியனையும் பார்த்தான்.

"குயா, உன் க்ரூ எங்கே? நான் அவங்களோட பேசணும்."

போனை ஜமீலா பக்கம் திருப்பினேன். அவள் பதறிப்போய் முக்காட்டைச் சரிசெய்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, நான்தான் நடுவில் சொல்ல வேண்டும்.

"அவங்களைக் கேளு. உன்னை நிறுத்தச் சொன்னாங்களா?"

இதை ஏன் கேட்கிறான்? எனக்குள் ஏதோ நெருடியது. சாப்பிட்டாயா என்று கேட்கிறான் என்று மாற்றிச் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு யோசனை ஓடியது. ஜமீலா என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். "என்னைய நிறுத்தச் சொன்னியான்னு கேக்குறான்."

 ஜமீலா பதிலை என்னிடம் சொல்லவில்லை. நான் ஒழுங்காகச் சொல்வேன் என்கிற நம்பிக்கை இல்லையோ என்னவோ, நேராக போனைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினாள். "மூணு தடவை. மலை அடிவாரத்துல, பைபாஸ்ல, மேம்பாலத்துக்கிட்ட. இவரு காதுலயே வாங்கல."

ரோனெலுக்கு விரல் போதுமாக இருந்தது. தலையை ஆட்டினான்.

"குயா, அப்படின்னா நீ முடிக்கல."

"என்னது?"

"க்ரூ நிறுத்துன்னு சொன்னா நிறுத்தணும். அங்கேயே ஓட்டம் முடிஞ்சுது. அதுக்கு மேல நீ எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் கணக்கில்ல."

எனக்கு வந்ததே கோபம்! கழுத்தில் குழாய், பையில் சொட்டு இல்லை, கிட்னி இரண்டும் தூங்குகிறது. அறுபதையும் என் காலால் ஓடியிருக்கிறேன். முடிக்கலையாம்! "வண்டியில ஏறக்கூடாதுன்னு சட்டம் போட்டதே நீங்கதானேடா" என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஓடுறவன் தானா ஏறக்கூடாது. க்ரூ சொன்னா ஏறித்தான் ஆகணும். அந்த நேரத்துல ஓடுறவனுக்கு மூளை இருக்காது குயா. மூளை வண்டியிலதான் வரும். அதுக்குத்தான் வண்டி" என்றான். "நான் மறக்கல. எனக்குப் பத்து கிலோமீட்டர்தான் பாக்கி. நீ ஏறுன்னு சொன்ன. நான் உனக்கு பயந்தா ஏறினேன்?"

வேனில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த அவன் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. 

"பனியனை அவங்ககிட்ட குடு" என்றான். "அவங்கதான் கடைசி வரைக்கும் சரியா செஞ்சிருக்காங்க."

"என்ன சொல்றாரு?" என்றாள் ஜமீலா.

சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். ஜமீலா என்னைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. முக்காட்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். செத்த நேரம் கழித்துத்தான் தெரிந்தது, அது சிரிப்பு இல்லை, அழுகிறாள் என்று.

"ஒருத்தராச்சும் கேட்டாரே" என்றாள். "வந்த சனம் அம்புட்டும் நீ ஏன் தடுக்கலைன்னுதான் கேட்டுச்சு. சொன்னியான்னு ஒரு சீவன் கேக்கல. எங்கேயோ கெடக்குற அந்த மனுசன் கேட்டாரு. நீங்க இங்கதான் கெடந்தீங்க. நான் அவமானப்படுறதைக் கேட்டுக்கிட்டேதான் கெடந்தீங்க."

 "தப்புதான் ஜமீலா" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் மார்பிலிருந்து பனியனை எடுத்தாள். நான்காக மடித்துக் கூடைக்குள் வைத்துக்கொண்டாள்.

"குளிருதே" என்றேன்.

"ஆஸ்பத்திரிப் போர்வை இருக்கு, போத்திக்கங்க."

அடுத்து வந்தவர் எங்கள் ஜமாத்துக்காரர் ஒருவர். வந்ததும் வராததுமாக ஜமீலாவைப் பார்த்து, "ஏம்மா, நீ கூடத்தானே போன" என்று ஆரம்பித்தார். நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன். "மூணு தடவை சொன்னா பாய். நாந்தான் ஏறல. யாராச்சும் கேட்டா நீங்களும் அப்படியே சொல்லுங்க" என்றேன். அவர் ஒன்றும் புரியாமல் இளநீரை என்னிடம் நீட்டினார். ஜமீலா அதை வாங்கி வைத்தாள்.

அதற்குப் பிறகும் நாட்கள் போயின. டயாலிசிஸ், குளிர், காலிப் பை. துவா கேட்காத நேரமில்லை. கிட்னி எப்போது முழிக்கும் என்று யாருக்கும் தெரியாது. ரோனெல் குழுவில் சொல்லியிருக்கிறான் போல, அவர்கள் எல்லாரும் அவர்கள் முறைப்படி எனக்காகப் பிரார்த்தனை செய்வதாக மெசேஜ் வந்துகொண்டே இருந்தது. ஒரு காலையில் சிஸ்டர் பையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடியில் ஒரு விரற்கடை அளவுக்கு, கலங்கலாக, அழகாக, இருந்தது.

"பாய், வந்திருச்சு!"

காதர் வராந்தாவுக்கு ஓடி, "எங்க மச்சானுக்கு வந்திருச்சுங்க!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னான். மூத்திரத்தைப் போய் இப்படிக் கொண்டாடுவார்களா என்று நினைப்பீர்கள். ஜமீலா கீழே கடைக்கு ஆள் அனுப்பிச் சீனி வாங்கி, சிஸ்டர்கள், அட்டெண்டர், வாட்ச்மேன், பக்கத்துக் கட்டில்காரர் எல்லார் கையிலும் ஒரு பிடி போட்டாள். நான் கட்டிலில் படுத்தபடியே அழுதேன். வெட்கமாகவே இல்லை.

அடுத்தடுத்த நாட்களில் பை நிறைய ஆரம்பித்தது. ஒரு கட்டத்தில் குடம் குடமாகப் போனது. கிட்னி முழிக்கும்போது அப்படித்தான் போகும், உப்பெல்லாம் கூடப் போய்விடும், கவனமாக இருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. கிரியாட்டினின் இறங்கியது. கழுத்துக் குழாயைக் கழற்றினார்கள். முழு டம்ளர் தண்ணீரை ஜமீலா என் கையில் கொடுத்த நாளை நான் மறக்கமாட்டேன். ஒரே மூச்சில் குடிக்காமல், டீ குடிக்கிற மாதிரி வாய் வாயாகக் குடித்தேன்.

"திரும்ப ஓடலாமா மேடம்?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா ஜமீலாவைப் பார்த்து, "இவரை நீங்கதான் பாத்துக்கணும்" என்றார். "ரத்தம் எல்லாம் சரியாகட்டும். மொதல்ல நடக்கட்டும். வலி மாத்திரை பக்கமே போகக்கூடாது."

டிஸ்சார்ஜ் அன்று காலையிலிருந்தே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பில் கவுண்டரில் காதர் நிற்கிறான், மருந்துச் சீட்டு வரவில்லை, யாரோ கையெழுத்துப் போட வேண்டுமாம். வராந்தாவில் நடந்து நடந்து தரையைத் தேய்த்தேன். எல்லாம் முடிந்து வாசலுக்கு வந்தால் வெயில் முகத்தில் அடித்தது. எனக்கு அந்த வெயிலே இனித்தது. கால் இரண்டும் மெலிந்து குச்சியாக இருந்தாலும் தரையில் நின்றன. கேட்டுக்கு வெளியே குட்டியானை நின்றுகொண்டிருந்தது, அதே தோல் நாற்றத்தோடு. காதர் ஸ்டீயரிங்கில் இருந்தான். ஜமீலா கூடையை மடியில் வைத்து முன்சீட்டில் ஏறிவிட்டிருந்தாள்.

"நாகல் நகருக்கு இங்க இருந்து என்ன பெரிய தூரமா?" என்றேன். "நான் மெல்ல நடந்து வாரேன். நீங்க பின்னாடியே வாங்க."

காதர் தன் அக்காவைப் பார்த்தான். ஜமீலா கதவைத் திறந்து பிடித்தாள். நீட்டிய கையில், கறுப்புப் பர்தாவின் விளிம்புக்கு வெளியே, மணிக்கட்டு வரைக்கும் மஞ்சள் தெரிந்தது. முழுக்கை. அவளுக்குக் கொஞ்சம் பெரியது.

"ஏறுங்க" என்றாள். அவள் சொல்வது நான்காவது தடவை.

ஏறி உட்கார்ந்தேன்.